ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் படபடக்குதா?

பழைய பிக்கப் வண்டிகளில் அடிக்கடி வரும் தொல்லை இது. இடது இண்டிகேட்டர் நிதானமாக விட்டுவிட்டு எரியும். வலது போட்டால் மட்டும் 'டிக்டிக்டிக்' எனப் படபடக்கும். உடனே ஃப்ளாஷரை மாற்ற ஓடாதீர்கள். அது கெட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் தகராறு செய்யும். ஒரு பக்கம் மட்டும் என்றால், அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு பல்பு எரியவில்லை. முன்பல்பு மின்னுவதால் டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் ஓவர்டேக் செய்ய வரும் பைக்காரருக்கோ வண்டி திரும்பப்போவதே தெரியாது!

இறங்கிப் போய்ப் பாருங்கள். புது 21 வாட் பல்பு போட்டும் எரியவில்லையா? ஹோல்டரில் பச்சை பூத்திருக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். எர்த் ஒயரின் திருகையும் முடுக்குங்கள். பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தால், சந்தேகமே வேண்டாம், எர்த்தில்தான் கோளாறு. இந்த ஒரு திருகுக்காக லைட் செட்டையே மாற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

எல்இடி பல்பு மாட்டினாலும் இதே படபடப்பு வரும். அது எடுக்கும் கரன்ட் குறைவு என்பதால், பல்பு போய்விட்டதாக ஃப்ளாஷர் ஏமாந்துவிடும். எல்இடிக்கான ஃப்ளாஷரைக் கேட்டு வாங்குங்கள்.

நான்கு விளக்கும் ஹசார்டில் மட்டும் மின்னி, இண்டிகேட்டர் வேலை செய்யாவிட்டால் முதலில் ஃப்யூஸ், அடுத்து ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச்.