தலைநகருக்கு அப்பால்

விண்மீனைக் கண்டு புறப்பட்ட கீழ்த்திசை ஞானிகள் முதலில் சென்றடைந்தது எருசலேம் மாநகரம். அரசர் பிறந்திருப்பின் தலைநகரிலேயே பிறந்திருப்பார் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆயினும் அவர்கள் தேடிச் சென்றவர் அங்கு இல்லை. சில மணி நேர நடைத் தொலைவிலிருந்த பெத்லகேம் என்னும் சிற்றூரிலேயே அவரைக் கண்டு பணிந்தனர். தலைநகரில் வழி கேட்டு, அதற்கு அப்பால் நடந்த பயணம் அது.

நம் பங்குகளிலிருந்து அயல்நாட்டுத் திருத்தலங்களுக்குச் செல்லும் குடும்பங்கள் இன்று பல. வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோரை அழைத்துச் செல்கின்றனர். வேறு சிலரோ பல ஆண்டுச் சேமிப்பை இதற்கென எடுத்து வைக்கின்றனர். விமானம் தலைநகரில் வந்து இறங்குகிறது. அதன்பின் எந்தெந்த ஊருக்குச் செல்வது? இவ்வினாவுக்கு விடை காணாமல் புறப்படுவோர், எட்டு நாளில் பத்து ஊர்களைக் கண்டு, எந்த ஊரிலும் மனமார முழந்தாளிடாமல் திரும்புகின்றனர். உடன் சென்ற முதிய தாயின் நினைவில் எஞ்சுவது பேருந்தின் சன்னல் மட்டுமே. எனவே இத்திங்கள் போர்த்துக்கல் நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிந்திப்போம். அந்நாடு சிறியது, நம் தமிழகத் திருச்சபையோடு நெருங்கிய உறவுடையது.

தலைநகரான லிஸ்பனை நாம் புறக்கணிக்க வேண்டியதில்லை. கோடி அற்புதர் என்று நாம் போற்றும் புனித அந்தோனியார் 1195ஆம் ஆண்டளவில் பிறந்தது அந்நகரில்தான். அவர் பிறந்த இடத்தில் எழுந்த ஆலயம் பேராலயத்தின் அருகே உள்ளது. ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும் 1647ஆம் ஆண்டு அந்நகரிலேயே பிறந்தார். ஆனால் அவ்விருவரின் வரலாற்றையும் சற்று ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அவர்களைப் பெற்றெடுத்தது தலைநகரம். உருவாக்கியதில் பெரும்பங்கு மற்றோர் ஊருக்கு உரியது.

அந்த ஊர் கோயிம்பிரா. இளம் துறவியாயிருந்த அந்தோனியார், லிஸ்பன் மடத்தில் உற்றாரும் நண்பரும் ஓயாது வந்து தம் தியானத்தைக் கலைப்பதைக் கண்டு, தம்மை வேறு மடத்துக்கு அனுப்பும்படி வேண்டிக்கொண்டார். அவ்வாறே கோயிம்பிராவின் திருச்சிலுவை மடத்துக்குச் சென்றார். 1220ஆம் ஆண்டு மொரோக்கோ நாட்டில் மறைசாட்சிகளாக மாண்ட ஐந்து பிரான்சிஸ்கு சபைத் துறவிகளின் திருப்பண்டங்கள் அந்நகருக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றைக் கண்டு உள்ளம் பற்றியெரிந்த அவர், அதே நகரில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்து அந்தோனி என்னும் பெயரையும் ஏற்றார். செவ்வாய்தோறும் நாம் அழைக்கும் அப்பெயர் பிறந்த ஊர் கோயிம்பிரா எனலாம். அருளானந்தர் பயின்றதும் அங்கேதான். அரசவையில் இளவரசருக்குத் தோழராய் வளர்ந்தவர், 1662ஆம் ஆண்டு இயேசு சபை புகுந்து, 1673ஆம் ஆண்டு கோவாவை அடைந்தார். மேலும், 1336ஆம் ஆண்டு இறந்த புனித இசபெல் அரசியின் கல்லறையும் கோயிம்பிராவில் உள்ளது. லிஸ்பனிலிருந்து புகைவண்டியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம்.

அடுத்தது பாத்திமா. 1917ஆம் ஆண்டு மே 13 முதல் அக்டோபர் 13 வரை தேவதாய் காட்சியளித்தது லிஸ்பனின் அரண்மனைக்கு அருகில் அன்று. ஆடு மேய்த்த மூன்று சிறார்களுக்கு, ஒரு மேய்ச்சல் நிலத்தில். அவர்களுள் பிரான்சிஸ்கு, ஜசிந்தா ஆகிய இருவரையும் திருத்தந்தை பிரான்சிஸ் 2017ஆம் ஆண்டு மே 13 அன்று அங்கேயே புனிதராக அறிவித்தார். 2005ஆம் ஆண்டு கோயிம்பிராவின் கார்மேல் மடத்தில் இறந்த லூசியா அம்மையாரும் இன்று பாத்திமா செபமாலை அன்னை பேராலயத்திலேயே அடக்கம் பெற்றுள்ளார்.

லிஸ்பனிலிருந்து பாத்திமா சுமார் 125 கிலோமீட்டர். காலையில் சென்று மாலையில் திரும்பும் தூரம்தான் என்று சொல்வோர் உண்டு. நாம் அதனைப் பரிந்துரைக்கமாட்டோம். மெழுகுதிரி ஏந்தி மக்கள் பற்பல மொழிகளில் அருள்நிறை மந்திரம் செபித்துச் செல்லும் இரவுப் பவனியே அத்தலத்தின் இதயம். பகலில் வந்து போவோர்க்கு அது கிட்டாது. எனவே இரண்டு இரவுகளேனும் தங்குக. பாத்திமா என்னும் பெயருடைய புகைவண்டி நிலையம் திருத்தலத்திலிருந்து வெகு தொலைவில் உள்ளது; ஆதலால் பேருந்தே ஏற்றது. மே முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு மாதமும் 12, 13ஆம் நாள்களில் பெருங்கூட்டம் கூடும். முதியோரோடு செல்வோர் வேறு நாள்களைத் தேர்வது நலம்.

மூன்றாவது ஊரை நம்மவருள் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஸ்பெயின் எல்லைக்கு அருகே, சலவைக்கல் வெட்டும் மலைப்புறத்தில் உள்ள விலா விசோசா என்னும் சிற்றூர் அது. 1520ஆம் ஆண்டு அண்டிரிக் அடிகளார் பிறந்த இடம். 1546ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறை மக்களிடையே அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, அவர்தம் தமிழைக் கற்று, 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சேற்றியவர் அவர். இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. நம் கையிலுள்ள செபப் புத்தகத்தின் மூதாதை அது என்றால் மிகையாகாது. அவ்வூரின் அமலோற்பவ அன்னையை 1646ஆம் ஆண்டு நான்காம் ஜான் மன்னர் நாட்டின் அரசியாகவும் பாதுகாவலியாகவும் அறிவித்தார். அதன்பின் போர்த்துக்கல் மன்னர் எவரும் தம் தலையில் முடி சூடவில்லை என்பது வரலாறு. முடி தலைநகரில் இல்லை. சிற்றூர் அன்னையின் தலையில் இருந்தது!

அப்படியாயின் மற்ற ஊர்கள்? ஆற்றங்கரை அழகு மிகுந்த போர்த்தோ உண்டு. மலைப்படிகளில் சிலுவைப்பாதை அமைந்த பிராகா உண்டு. பழம்பெரும் எவோரா உண்டு. அனைத்தும் சிறந்தவையே. ஆயினும் ஏழு நாள் மட்டுமே கையிலிருப்போர் சிலவற்றை விட்டுவிடத் துணிய வேண்டும். லிஸ்பனில் இரண்டு நாள், பாத்திமாவில் இரண்டு, கோயிம்பிராவில் இரண்டு, விலா விசோசாவுக்கு ஒரு நாள் என வகுத்தால் பயணம் நிரம்பிவிடும். விட்ட ஊர்களை எண்ணி வருந்துவோர் கண்ட ஊர்களையும் இழப்பர்.

எந்நாட்டுக்குச் சென்றாலும் இவ்வளவு போதும் எனக் கருதுகிறோம்: தலைநகருக்கு அப்பால் ஓர் ஊரைத் தேரும்போது, ‘அங்கு என்ன பார்க்கலாம்?’ என்று மட்டும் கேளாமல், ‘அங்கு நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்?’ என்றும் கேட்க வேண்டும். நம் விசுவாசத்தைச் சுமந்து வந்தவர் எங்கே பயின்றார், எங்கே மனம் மாறினார், எந்த வீட்டுத் தாய் அவரை வழியனுப்பினாள் என்று தேடினால் ஊர்கள் தாமே தெரிந்துவிடும். அடுத்து, குடும்பத்தில் நடை மிகத் தளர்ந்தவர் யாரோ அவர் காலளவே பயணத்தின் அளவாகட்டும். அவருக்கு இயலாத ஊர் நம் குடும்பத்துக்கு வேண்டாத ஊர்.

பயணச்சீட்டு எடுக்குமுன் ஓர் இரவு குடும்ப செபத்துக்குப் பின் இதனைப் பேசுங்கள். பிள்ளைகள் ஒரு புனிதரின் வரலாற்றைப் படித்துச் சொல்லட்டும்; பாட்டி தம் நெடுநாள் ஆசையைச் சொல்லட்டும். கடல் கடக்க வசதியில்லாத குடும்பங்களும் மனம் தளர வேண்டாம். அருளானந்தர் மறைசாட்சியாய் மாண்ட ஓரியூரும், அண்டிரிக் அடிகளார் 1600ஆம் ஆண்டு கண்மூடிய புன்னைக்காயலும் நம் மண்ணிலேயே உள்ளன. கோயிம்பிராவிலும் விலா விசோசாவிலும் தொடங்கிய பயணங்கள் வந்து முடிந்த ஊர்கள் அவை. அடுத்த விடுமுறையில் சென்னைக்குச் செல்லத் திட்டமிட்டிருப்பின், அவற்றுள் ஒன்றுக்கும் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஆண்டவர் உங்கள் வழித்துணையாய் இருப்பாராக!