வில்லும் வேண்டாம், விருந்தும் வேண்டாம்

வேட்டை என்றதும் கொங்கு நாட்டுப் பிள்ளைகளாகிய நமக்கு வல்வில் ஓரியின் நினைவு வராமல் போகாது. கொல்லிமலைத் தலைவனாகிய அவன் எய்த அம்பு ஒன்றே யானையை வீழ்த்தி, புலியின் வாய்வழிப் புகுந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். இலக்கிய வகுப்பில் இதைக் கேட்டபோது கடைசி வரிசை நண்பர் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்த வரிசையில் கரடி மட்டும் எப்படித் தப்பித்தது?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோத்தகிரிச் சரிவிலுள்ள எங்கள் ஊரில் அந்த வாரந்தான் கரடியொன்று பிள்ளையார் கோயில் கதவைப் பெயர்த்து, விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருந்தது.

செய்தி விடுதியில் பரவியதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "கனடாவைப் பாருங்கள். உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு வில்லாலேயே கரடியை அடிக்கிறார்கள். நம் நாட்டிலும் அனுமதி தந்தால் இந்தத் தொல்லை ஒழியும்" என்றார் அறைத்தோழர். அந்த வேட்டையைப் பற்றிப் படித்தறியும் ஆவல் எனக்கு அன்றுதான் பிறந்தது. படித்த பிறகு அவர் கட்சிக்கு நான் சேரவில்லை. ஆனால் அவர் கனடாவைக் காட்டியது வீணாகவும் இல்லை.

வட அமெரிக்கக் காடுகளில் பனிக்காலம் முழுவதும் உறங்கிக் கிடந்த கருங்கரடி, இளவேனிலில் பசியோடு வெளியே வருகிறது. புதிய புல்லும் இளந்தளிருமே அப்போது அதற்குக் கிடைக்கும் உணவு. வேட்டைக்காரரும் அந்தக் காலத்துக்குத்தான் காத்திருக்கிறார். அவர் கையிலிருப்பது ஓரியின் வில்லைப் போன்றதன்று. ஆலன் என்ற அமெரிக்கர் 1969இல் காப்புரிமை பெற்ற, முனைகளில் கப்பிகள் பொருத்திய வில். அதிலும் கிட்டத்திலிருந்து எய்தால்தான் நம்பிக்கை. கரடி பக்கவாட்டில் திரும்பி, முன்னங்காலை முன்னே எடுத்து வைக்கும் வரை மூச்சடக்கி இருக்க வேண்டும். அம்பு நுரையீரலில் பாய வேண்டும். தவறினால் அடர்ந்த மயிரும் கொழுப்பும் குருதியைத் தரையில் சிந்தவிடா. அடிபட்ட கரடியின் தடமே கிடைக்காது. ஆகவே மாதக்கணக்கில் எய்து பழகுகிறார்கள். மணமில்லாத சோப்பில் குளிக்கிறார்கள். காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்த்த பிறகே எந்த மரத்தில் பரண் கட்டுவது என்று முடிவு செய்கிறார்கள். இத்தனை பொறுமையும் ஒழுங்கும் நம் தேர்வுக்கால ஆயத்தத்தில் பாதியளவு இருந்தாலும் போதும் என்று தோன்றியது!

இவ்வளவுக்கும் நடுவில் இன்னொரு காரியமும் உண்டு. அனுமதியுள்ள இடங்களில் பரணுக்கெதிரே ஒரு பீப்பாயை வைத்து அதில் இரை போடுகிறார்கள். அந்த இரை என்ன தெரியுமா? பழைய ரொட்டி, கடையில் மிஞ்சிய இனிப்புப் பண்டங்கள், சமைத்து மிஞ்சிய எண்ணெய். தொடர்ந்து வைத்துவந்தால் கரடி வேளை தவறாமல் வரப் பழகிவிடுகிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சுரீரென்றது. எங்கள் ஊர்த் தேநீர்க்கடையின் பின்புறம் கொட்டப்படுவது என்ன? பழைய பன், வர்க்கி, வடை சுட்ட எண்ணெய். கோயிலில் இருப்பது எண்ணெயும் சர்க்கரையும். சத்துணவுக் கூடத்தில் பருப்பும் முட்டையும். வேலியோரத்தில் அழுகிக் கிடப்பது பேரிக்காயும் கொய்யாவும். ஒரு தேர்ந்த வேட்டைக்காரர் திட்டமிட்டுச் செய்யும் ஆயத்தத்தை நாம் திட்டமின்றியே ஆண்டு முழுவதும் செய்துகொண்டிருக்கிறோம். குடியிருப்புக்கு அருகில் இரை வைப்பதையாவது அங்கே சட்டம் தடுக்கிறது. நாம் தெருவின் நடுவிலேயே வைத்துவிட்டுக் கரடி வந்துவிட்டது என்று கூக்குரலிடுகிறோம்.

உரிமம் கொடுத்தால் தீருமா? ஒன்டாரியோ மாகாணத்தின் கதையைப் பார்ப்போம். இளவேனில் வேட்டையில் தாய்க்கரடிகள் மடிந்து குட்டிகள் அனாதையாகின்றன என்ற கண்டனம் எழுந்து, 1999இல் அரசு அந்த வேட்டையை நிறுத்தியது. குட்டியுள்ள தாயைக் கொல்லக் கூடாது என்பது விதிதான். ஆனால் குட்டிகளை மரத்திலேற்றிவிட்டுத் தாய் மட்டும் இரைக்கு வந்தால் பரண்மேல் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பின்னர் கரடிகள் ஊர்ப்புறம் வருகின்றன என்ற புகார் பெருகவே, 2014இல் சோதனை முறையில் வேட்டை மீண்டது. 2021 முதல் நிலையாகவே நடக்கிறது. காட்டில் பழம் குறைந்த ஆண்டில்தான் கரடி ஊரை நாடுகிறது என்பதையும் அந்த நாட்டார் கண்டிருக்கிறார்கள். பழம் குறைவதற்கு அம்பு என்ன செய்யும்?

நம் கரடியோ வேறு இனம். குளிர்காலத்தில் அது உறங்குவதில்லை. மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டு இல்லாத வாயால் கறையானை உறிஞ்சித் தின்னப் பிறந்தது. எண்கு என்றும் உளியம் என்றும் சங்கப் புலவர்கள் சொன்னது இதைத்தான். புற்றை அகழ்ந்து குரும்பியைத் தின்பதையும் இலுப்பைப் பூவை விரும்புவதையும் அவர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் தாய் திடீரென்று மனிதரைக் கண்டால் ஓடாது, பாயும். அதன் நகம் முகத்தைத்தான் தேடும். இதைச் சிறிதாக்கிப் பேசுவது காட்டோரம் குடியிருப்போருக்குச் செய்யும் துரோகம். சட்டத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் பெற்று வேட்டையாட முதலில் இடமிருந்தது. 1991 திருத்தம் அதை மூடியது. இன்று கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது. எனினும் உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு தற்காப்பில் கொல்வது குற்றமன்று. உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கை வேட்டையாட உத்தரவிடத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அதிகாரம் உண்டு.

எனவே வேட்டை வேண்டாம், வேட்டைக்காரரின் ஆயத்தம் வேண்டும் என்பதே என் கருத்து. காற்றையும் தடத்தையும் எச்சத்தையும் பருவத்தையும் படிக்கும் அறிவு எங்கள் அப்பிச்சிக்கு இருந்தது. காரமடையிலிருந்து மலையேறிக் கிழங்குக் காடு செய்தவர் அவர். விடியற்காலையில் என்னை அனுப்பும்போதெல்லாம், "காத்துப் பாத்துப் போ சாமி. கரடிக்குக் கண்ணு மட்டம், மூக்குத்தான் எமன். வளைவுல தொண்டையக் கனைச்சுக்கிட்டுப் போ" என்பார். தடியால் வழியெல்லாம் தட்டிக்கொண்டே போவார். எங்கள் தலைமுறை காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உண்ணிச்செடிப் புதருக்குள் நடக்கிறது.

ஊராட்சிகள் செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. கரடி திறக்க முடியாத மூடியுள்ள இரும்புத் தொட்டி, சத்துணவுக் கூடத்துக்கு வலுவான கதவு, பிள்ளைகள் நடக்கும் பாதையோரப் புதரை ஆண்டுக்கிருமுறை வெட்டுதல், தெருவிளக்கு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் நம் மாணவர்கள் வழக்கம்போல் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பதோடு நில்லாமல், ஒருமுறை மலையடிவார ஊரொன்றில் புதர் வெட்டிக் குப்பைக்குழி தோண்டலாமே!

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பூசாரி இப்போது எண்ணெயைக் கோயிலில் வைப்பதில்லை; இரவு நடை சாத்தியதும் தூக்குப் போசியில் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார். கோயில் கதவு பிழைத்தது. தேநீர்க்கடைக்குப் பின்னாலிருக்கும் குப்பைமேடு மட்டும் அப்படியே இருக்கிறது. அதன்மேல் புதிதாக நகக்கீறல் விழுந்த தகரடப்பா ஒன்று கிடந்தது.