சொந்தத் திசைவி வேண்டுமா?

இணையச் சேவைக்கு ஒப்பந்தம் செய்யும்போது, ரவுட்டர் எனப்படும் திசைவி இலவசமாகக் கிடைக்கிறதே என்று பலர் மகிழ்கின்றனர். அதன் விலை மாதக் கட்டணத்திலேயே அடங்கியிருக்கலாம் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. திசைவி இல்லாத திட்டத்திற்கு மாதம் 5 வெள்ளி குறைவு என்றால், 24 மாத ஒப்பந்தத்தில் 120 வெள்ளி மிஞ்சும். அதனோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, தேவைக்கேற்ற திசைவியைச் சொந்தமாக வாங்குவதே மேல். பழுதானால் தாமே கவனிக்க வேண்டும்தான். ஆனால், நிறுவனத்தை மாற்றினாலும் திசைவியை மாற்ற வேண்டியதில்லை.

மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்குவதுதான் ஆபத்தானது. சிங்கப்பூரில் விற்கப்படும் வீட்டுத் திசைவிகள் 2021 முதல் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கடவுச்சொல், தானாக இறங்கும் மென்பொருள் புதுப்பிப்பு ஆகியவை அவ்விதிகளுள் அடங்கும். வெளியே வாங்கியதில் எல்லாவற்றுக்கும் ஒரே எளிய கடவுச்சொல் இருந்தால், அதை ஊகித்தவர் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியையும் நெருங்கிவிடலாம்.

வேகம் போதவில்லை என்று கடைக்கு ஓடுவோரும் உண்டு. சில வீவக வீடுகளில் திசைவி பாதுகாப்பறைக்குள் அடைந்து கிடக்கிறது. கெட்டியான கான்கிரீட் சுவரையும் எஃகுக் கதவையும் தாண்டி அலைகள் வலுவாக வருமா? முதலில் அதை வரவேற்பறைக்கு மாற்றிப் பார்க்கட்டும்.