முதலில் காது; பிறகு ஏடு!

புழல் என்றால் ஏரி நினைவுக்கு வரும். சிறைச்சாலை நினைவுக்கு வரும். பக்கத்து மணலி என்றால் எண்ணெய் ஆலை நினைவுக்கு வரும். சங்கீதம்? அது யாருக்கும் நினைவுக்கு வராது!

ஆனால், கர்நாடக சங்கீதத்துக்கு வயலின் வந்த கதையில் மணலிக்கு இடம் உண்டு. இதைப் புழல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். செல்போன் மூலமே சொல்லலாம். எப்படிச் சொல்வது?

வாசித்தால் போதுமா?

2020-ம் ஆண்டு கொரோனா வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடின. பாடங்கள் செல்போனுக்கு வந்தன. பள்ளிகள் திறந்த பிறகும், இணையவழிப் பாட்டு வகுப்புகள் நடக்கின்றன.

சங்கீத வரலாறு என்றால், "இன்னார் இந்த ஆண்டில் பிறந்தார்" என்று வாசித்தால் போதுமா? பிள்ளை எழுதிக்கொள்ளும். பாட்டு மட்டும் காதில் விழாது! விருந்தைப் பற்றிப் பேசிவிட்டு, இலையை மடிக்கச் சொல்வது போன்றது இது.

ஒரே மெட்டு!

முதலில் இரண்டு பாட்டுகளை ஒலிக்கவிட வேண்டும். ஒன்று, பிரிட்டனின் தேசிய கீதம். மற்றொன்று, முத்துசாமி தீட்சிதரின் 'சந்ததம் பாஹிமாம்'. பெயரைச் சொல்லக் கூடாது.

"டீச்சர், இரண்டும் ஒரே மெட்டு!" என்று பிள்ளைகளே சொல்வார்கள். "அது எப்படி?" என்றும் கேட்பார்கள். அப்போது கதையைத் தொடங்கலாம்.

18-ம் நூற்றாண்டின் இறுதி. தீட்சிதரின் தந்தை ராமசாமி தீட்சிதரை மணலிக்கு அழைத்து வந்து ஆதரித்தார், முத்துகிருஷ்ண முதலியார். சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் முழங்கிய காலம் அது. வெள்ளைக்கார மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் பாட்டுக் கட்டினார். தம்பி பாலுசாமி தீட்சிதர், வெள்ளைக்காரர் ஒருவரிடம் வயலின் கற்றார். நம் ராகங்களை அதில் வாசித்தார்.

இன்று வயலின் இல்லாத பாட்டுக் கச்சேரியைக் காண்பதே அரிது!

வீட்டுப் பாடம்

ஒரே செல்போன் உள்ள வீடுகள் உண்டு. அப்பா வேலைக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடும். எனவே, ஒரு மணி நேரப் பேச்சு வேண்டாம். இரண்டு நிமிடப் பாட்டுகளை அனுப்பினால் போதும். இரவு அப்பா வந்த பிறகு, குடும்பமே கேட்கலாம்.

ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்லவும் வேண்டாம். "பாட்டியின் தாலாட்டையோ, தெருவில் பாடும் கானாவையோ பதிவு செய்து வா. யாரிடம் கற்றார்கள் என்று கேட்டு வா" என்று சொல்லலாம். அதுவும் சங்கீத வரலாறுதான்!

சங்கீதம் மயிலாப்பூருக்கு மட்டுமே சொந்தம் என்று நம் பிள்ளைகள் நினைக்கக் கூடாது. அது பக்கத்து ஊரிலும் வளர்ந்தது. அதை அவர்கள் காதால் கேட்டு அறியட்டும். ஆண்டுகள் பிறகு வரட்டும்!