கடைசி எழுத்து

தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு முதல் எழுத்தைச் சோதிடர் குறித்துக் கொடுக்கிறார். அசுவினி நட்சத்திரமாம், "சு" என்றோ "சே" என்றோ தொடங்க வேண்டுமாம்! கடைசி எழுத்தை நாகரிகம் குறித்துக் கொடுக்கிறது. "ஷ்" என்று முடிய வேண்டுமாம்! தலையைச் சோதிடரும் வாலை நாகரிகமும் எடுத்துக்கொண்ட பின், பெற்றவர்க்கு எஞ்சுவது என்ன, தோழர்களே? பதிவேட்டில் கையொப்பமிடும் உரிமை மட்டுந்தானா?

சுரேஷ், ரமேஷ், தினேஷ், மகேஷ், கணேஷ் - வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஈறு ஒன்றே. "ஈச" என்னும் வடசொல். தலைவன் என்பது பொருள். சுரர்க்குத் தலைவன் சுரேஷ்; ரமை எனும் திருமகளின் தலைவன் ரமேஷ்; பகலின் தலைவனாம் கதிரவன் தினேஷ்; பெருந்தலைவன் மகேஷ்; கணங்களின் தலைவன் கணேஷ். பொருளிலே நாம் குற்றம் காணவில்லை. பக்தியோடும் நமக்கு இங்கே வழக்கில்லை. பாட்டனார் கணேசன்; பேரன் கணேஷ். கடவுள் அவரே, கருத்தும் அதுவே! மாறியது கடைசி எழுத்து மட்டுந்தான்.

ஏன் மாறிற்று? இந்தியில் சொல்லின் ஈற்று அகரம் ஒலிக்காமல் தேய்ந்துவிடும். சொல்லுக்கு இறுதியில் நிற்கும் மெய்கள் 11 என்று வகுத்த தொல்காப்பியத்தில் "ன்" உண்டு. ஆண்பால் காட்டும் ஈறும் அதுவே. பாட்டனார் வடசொல்லை விருந்தாளியாக வரவேற்றார். ஆயினும் நம் வீட்டு உடையை உடுத்தினார். பேரனுடைய பெற்றோரோ, விருந்தாளியின் உடையை வாங்கித் தாம் உடுத்திக்கொண்டனர்!

"பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்போர் உண்டு. இருந்ததால்தான் ஒரு காலத்தில் பெயரின் கடைசியில் சாதியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இன்னாருக்கு "ர்" விகுதி, இன்னாருக்கு "டா" விகுதி என்று ஊரைப் பிரித்தார்கள். வயது எழுபதானாலும் உழைப்பாளியின் பெயருக்கு மதிப்பு விகுதி மறுக்கப்பட்டது. பால்மணம் மாறாப் பண்ணையார் மகனுக்கோ அது பிறவிச் சொத்து! அந்த வாலை அறுக்கத்தான், 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானம் நிறைவேற்றிற்று.

வால் அறுந்த இடத்தில் வளர்ந்தது தமிழ். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய வேதாசலம், மறைமலை ஆனார். வேதம் மறை, அசலம் மலை. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். செழியன் என்றால் செழுமை உடையவன். தலையாலங்கானத்தில் வென்ற பாண்டியனின் பெயர். மாறன் பாண்டியர்க்கும், வளவன் சோழர்க்கும் உரிய பெயர்கள். குமணனோ, தன் தலையையே புலவனுக்குத் தர முன்வந்த வள்ளல். அரண்மனைக்கு மட்டும் உரியவையாயிருந்த அப்பெயர்கள், மண் சுமப்பவன் மகனுக்கும், துணி வெளுப்பவன் மகனுக்கும் உரியவையாயின. மகுடம் வேண்டாம், மன்னன் பெயரை மட்டும் கொடு என்று கேட்டு வாங்கிய புரட்சி அது! பெண்மகவுக்கோ "ழி" என்று முடியும் கனிமொழி, கயல்விழி இருக்க, பொருள் தெரியாத ஓசைக்கு ஏன் அலைய வேண்டும்?

"ஸ்டாலின் மட்டும் தமிழ்ப் பெயரோ?" என்று மாற்றார் மடக்குவர். கேட்கட்டும்! எஃகு எனப் பொருள்படும் உருசியச் சொல்லில் பிறந்த பெயர் அது. சோவியத்துத் தலைவர் 1953 மார்ச்சு 5-இல் மறைந்தார். அதே மாதம் முதல் நாள் பிறந்த தம் மகனுக்கு அவர் பெயரைச் சூட்டினார் கலைஞர். ஏன் சூட்டுகிறோம் என்பதை அறிந்து சூட்டினார். அயல்மொழி என்பதல்ல நம் வழக்கு. அறியாமல் சூட்டுவதே நம் வழக்கு. தன் பெயரின் பொருளைக் குழந்தை கேட்கும் நாளில், பெற்றோர் விழித்து நிற்கலாகாது என்பதே நம் வழக்கு.

ஆகவே தோழர்களே, பெயர் சூட்டு விழாவுக்கு நாள் குறிக்குமுன் பொருளைக் குறியுங்கள். சொத்து வைக்க இயலாத ஏழையும் பிள்ளைக்கு வைக்கக் கூடியது பெயர் ஒன்றுதான். அதன் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் உங்களுடையவையாக இருக்கட்டும்!