காயலாங்கடை டிராக்டர்



போன வாரம் குன்னம் பக்கம் ஒரு காதுகுத்து. "வாத்தியார் வீட்ல காயலாங்கடை டிராக்டர் வாங்கியிருக்காங்களாமே!" என்று பந்தியிலேயே ஒரு சொந்தக்காரர் கிண்டல் செய்தார். சாப்பிடும் இடத்தில் வாதம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கணக்கை இங்கே போடுகிறேன்.

வண்டி என் தம்பி மகனுடையது. மெஸ்ஸி 1035, மெட்ராஸ் சிம்சன் இன்ஜின். விலை 1,60,000. பின் டயர் இரண்டும் 40,000, கிளட்ச் 9,000, பம்ப், நாசில் வேலை 8,000, ஹைட்ராலிக் 6,000, சில்லறைச் சாமானும் கூலியும் 12,000. ஆக மொத்தம் 2,35,000. பெயிண்ட் அடிக்கவில்லை. பெயிண்ட் உழாது.

புது வண்டி 7 லட்சம் என்று வையுங்கள். முன்பணம் 1.5 லட்சம், மீதி 5.5 லட்சம் கடன், 14 வட்டி, 5 வருஷம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுமார் 78,000 கட்ட வேண்டும். வருஷத்துக்கு 1,56,000. அவனுக்கு இருப்பது 4 ஏக்கர் மானாவாரி. மக்காச்சோளமும் பருத்தியும். வாடகை வண்டி வைத்தே உழுதாலும் வருஷத்துக்கு 15,000 தாண்டாது. டீசல், டிரைவர் போக மணிக்கு 500 நின்றால், தவணைக்கு மட்டும் 300 மணி நேரத்துக்கு மேல் ஊரார் நிலத்தில் ஓட்ட வேண்டும். மழை பொய்த்த வருஷம் யார் கூப்பிடுவார்கள்? தவணை மட்டும் தவறாமல் கூப்பிடும்.

2016 மார்ச் மறந்துவிட்டதா? டிராக்டர் கடனுக்காகத் தஞ்சாவூரில் ஒரு விவசாயியைப் போலீஸார் அடித்த வீடியோவை நாடே பார்த்தது. அதே மாதம் நம்ம அரியலூர் மாவட்டத்தில் டிராக்டரைப் பறிகொடுத்த ஒருவர் உயிரையே விட்டார். அந்தக் குடும்பத்துக்கு முன்னால் போய் கௌரவம் பேசுங்கள் பார்ப்போம்.

பழைய வண்டி மக்கர் பண்ணும் என்பது உண்மைதான். புரட்டாசியில் இரண்டு நாள் பட்டறையில் நின்றது. இப்போது ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆகிவிட்டதே என்பீர்கள். வரி குறைந்தாலும் வட்டி கட்டித்தானே ஆக வேண்டும். ரொக்கம் இருப்பவர்கள் தாராளமாகப் புதுசு வாங்குங்கள்.

பழசு வாங்குபவர்கள் மூன்றைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக் கூடாது. கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்தால் சட்டென்று இறங்கக் கூடாது. ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் தடையில்லாச் சான்று கைக்கு வராமல் பணம் கொடுக்கக் கூடாது. கூடவே நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். எங்களோடு வந்தவன் என்னிடம் ஐந்தாவது படித்தவன். கணக்கில் சுமார்தான், ஆனால் இன்ஜின் சத்தத்திலேயே நோயைச் சொல்லிவிடுவான்.

பிள்ளைகளே, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு துண்டுச் சீட்டில் தவணையை எழுதி, பக்கத்தில் உங்கள் வெள்ளாமை வரவை எழுதிக் கழித்துப் பாருங்கள். கழித்தல் நான்தானே சொல்லிக்கொடுத்தேன்? என் கணக்கில் தப்பிருந்தால் கீழே திருத்துங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.