நடைபாதை நடப்பவருக்கு, இ-பைக்குக்குத் தனி வழி

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலான சாலைகளில் நடைபாதை என்று எஞ்சியிருப்பதே கொஞ்சம்தான். ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்தக் கொஞ்சத்திலும் பேட்டரி வண்டிகள் ஏறுகின்றன. சத்தமில்லாமல் பின்னால் வருவதால், நடப்பவருக்கு ஒதுங்கக்கூட அவகாசம் கிடைப்பதில்லை. நடைபாதையில் இ-பைக் ஓட்டுவதைத் தெளிவான விதி போட்டுத் தடுக்க வேண்டும். அவை எங்கே ஓடலாம் என்பதையும் அதே விதி சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால், பழியும் அபராதமும் இந்த வண்டியில் வேலைக்குப் போகும் காண்ட்ராக்ட் தொழிலாளியின் தலையில்தான் விழும்.

அவர் விரும்பி நடைபாதையில் ஏறவில்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் சிங்கப்பெருமாள்கோவில் சாலையிலும் கார் ஏற்றிய டிரெய்லர்களும் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஒன்றையொன்று முந்துகின்றன. 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வண்டியை அவற்றுக்கு நடுவே ஓட்டத் துணிச்சல் இருந்தாலும் போதாது. சர்வீஸ் ரோட்டுக்கு ஒதுங்கலாம் என்றால் அங்கே லாரிகள் நிற்கின்றன. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பெனிக்குப் போக யு-டர்ன் தேடிச் சுற்ற வேண்டியிருப்பதால் எதிர்த்திசையிலேயே ஓரமாக வந்துவிடுகிறார். வாடகை போக மீதியை ஊருக்கு அனுப்பும் ஒருவருக்கு, பெட்ரோலும் லைசென்ஸும் கேட்காத இந்த வண்டி ஆடம்பரம் அல்ல. அதைப் பிடுங்கச் சொல்லும் எந்த யோசனையையும் நாம் ஏற்கவில்லை.

சட்டம்தான் இந்த வண்டியைக் கண்டும் காணாமல் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் திறன் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் குறைவாக, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. மோட்டார் வாகனங்கள் நடைபாதையில் ஏறக் கூடாது என்ற விதியைக் காட்டிப் போலீஸார் மடக்கினால், 'இது மோட்டார் வாகனம் இல்லையே' என்று வாதாட இடமிருக்கிறது.

கோவை எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையற்ற நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின் கீழ் 6 மாதங்களுக்குள் விதிகள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்தப் பிரிவு பேசுவது பாதசாரிகளையும், இயந்திர விசையால் இயங்காத வாகனங்களையும் பற்றி. இ-பைக் இயந்திர விசையால் ஓடுகிறது. ஆனால் மோட்டார் வாகனம் இல்லை. இரண்டு வலைக்கும் நடுவே அது நழுவிவிடும். ஆகவே தமிழக அரசின் விதியில் இந்த வண்டி பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். 138(1ஏ) போதாதென்றால் உள்ளாட்சிச் சட்டங்களின் வழியாகவேனும் அதைச் செய்ய வேண்டும். இதில் தாமதிக்க நேரமில்லை: 2022-இல் மட்டும் நாட்டில் 32,825 பாதசாரிகள் சாலை விபத்துகளில் இறந்திருக்கிறார்கள்.

விதி எளிமையாக இருக்கட்டும். நடைபாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், ஓட்டக் கூடாது. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் நெறிமுறை நடைபாதைக்குக் கேட்கும் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர். எதிரெதிரே இரண்டு பேர் நடக்கப் போதுமான அந்த இடத்தைப் பேட்டரி வண்டியோடு பங்கிட வழியில்லை.

அபராதம் முதலில் கடைக்காரருக்கு. வேகக் கட்டுப்பாட்டை நீக்கி விற்கப்படும் வண்டி, 25 கிலோமீட்டரைத் தாண்டிய கணமே சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமாகிவிடுகிறது. அப்படி மாற்றி விற்கும் விற்பனையாளருக்கு ஓராண்டு வரை சிறையோ வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு ஏற்கெனவே இடம் தருகிறது. 'லைசென்ஸ் வேண்டாம்' என்ற விளம்பரத்தை நம்பி வாங்கியவர், தம்மை அறியாமலே லைசென்ஸும் இன்சூரன்ஸும் இல்லாத குற்றவாளியாகிறார். அவர் வண்டியில் அடிபட்டவர் இழப்பீடு கேட்டால் கொடுக்க இன்சூரன்ஸ் நிறுவனம் எதுவும் இருக்காது.

நம் ஊர்க்காரர்கள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் 2019 நவம்பர் 5 முதல் இ-ஸ்கூட்டர்கள் நடைபாதையில் ஓடக் கூடாது. மின் சைக்கிள்களுக்கும் நடைபாதையில் இடமில்லை. அவை பதிவு எண்ணோடு சாலையிலும் சைக்கிள் பாதையிலும் ஓடலாம். தடை போட்ட அதே அரசு, 2030-க்குள் சைக்கிள் பாதைகளை 1,300 கிலோமீட்டருக்கு நீட்டிக்கும் திட்டத்தையும் கையில் வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது பாதி.

இங்கே சாலைக்குச் சாலை பொறுப்பாளர் வேறு. பெங்களூரு நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம், ஒரகடம் வழிச் சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம், தொழிற்பேட்டை உட்சாலைகள் சிப்காட்டிடம் உள்ளன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 2024 ஆகஸ்டில் 706.50 கோடி ரூபாயில் குடியிருப்பு திறந்த சிப்காட், அங்கிருந்து கம்பெனி வாசல்கள் வரை தடுப்புடன் கூடிய சைக்கிள் தடம் போடத் தொடங்கலாம். இந்த வேலைக்கு எவரையும் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, சாலை அதனுடையது. மற்ற இரு துறைகளும் சர்வீஸ் ரோடுகளிலிருந்து டிரெய்லர்களை அகற்றி, லாரிகள் நிற்கத் தனி இடம் ஒதுக்கி, ஷிப்ட் கூட்டம் சாலையைக் கடக்கும் இடங்களில் சிக்னல் வைக்க வேண்டும். தடம் தயாரான சாலையில் அன்றே நடைபாதைத் தடையை அமல்படுத்தலாம். தடம் இல்லாத சாலையில், அது வரும்வரை தொழிலாளியிடம் அபராதம் வசூலிக்கக் கூடாது.